கண்ணுக்கும் சொல் வேண்டும்

சென்ற மாதம் நம் மன்றத்தில் கலைச்சொல் பற்றிய விவாதம் ஒன்று சூடாக நடந்தது. மூளைக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட நோய்களை ஆராயும் துறைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற வினாவை மருத்துவம் பயிலும் நண்பர் ஒருவர் எழுப்பினார். ‘நரம்பியல் கண் மருத்துவம்’ என்றார் ஒருவர். ‘விழிநரம்பியல்’ என்பதே சுருக்கமும் அழகும் உடையது என்றார் மற்றொருவர். ‘பார்வை நரம்பியல்’ என்று மூன்றாமவர் முழங்கினார். ஒன்றரை மணி நேரம் ஓடிற்று, தேநீர் ஆறிற்று, முடிவு மட்டும் பிறக்கவில்லை. நான் அந்த விவாதத்தைக் குறை கூற வரவில்லை. சொற்களுக்காக மல்லுக்கட்டும் இளைஞர் கூட்டம் ஒன்று டில்லியில் இருக்கிறது என்பதே மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அன்று எவரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. அந்தத் துறையின் வாயிலில், சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே ஒரு தமிழ்த் தாய், அவரிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன? அவை மருத்துவரின் காதை எட்டுகின்றனவா?

மருத்துவர் நோய்க்கு வைக்கும் பெயரைவிட, நோயாளி தன் துன்பத்துக்கு வைக்கும் பெயரே இத்துறையில் முதன்மையானது என்பது என் கருத்து. வேறு துறைகளில் இப்படிச் சொன்னால் மிகையாகலாம். இங்கே அது மிகையன்று.

ஏன் என்று கேட்பீர்கள். கண்புரை வந்தவர் வாய் திறவாது உட்கார்ந்திருந்தாலும் குறையில்லை. விளக்கை வைத்துப் பார்த்தவுடன் மருத்துவருக்கு அது தெரிந்துவிடும். கண் சிவந்திருந்தால் தெருவில் போகிறவருக்கே தெரியும். ஆனால் விழியின் பின்புறத்திலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு நோயுற்றால் அதை யார் பார்ப்பது? ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளம்; அதனுள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இழைகள்; அதன் தலைப்பகுதி மட்டுமே மருத்துவரின் கருவிக்குத் தென்படும். மற்றதெல்லாம் எலும்புக்குள்ளும் மூளைக்கு அடியிலும் மறைந்து கிடக்கிறது. நரம்பின் பின்பகுதியில் அழற்சி வந்தால் நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, மருத்துவருக்கும் ஒன்றும் தெரியாது என்று கண் மருத்துவர்களிடையே வேடிக்கையாக ஒரு வழக்கு உண்டு. நோயாளிக்குப் பார்வை தெரியவில்லை. மருத்துவருக்கு நோய் தெரியவில்லை! அந்த இருட்டில் இருவருக்கும் இடையே இருக்கின்ற ஒரே விளக்கு பேச்சுத்தான்.

இத்துறையின் வளர்ச்சியைச் சிறிது நோக்குவோம். 1851-இல் செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்சு, கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை உலகுக்கு அளித்தார். 1917-இல் சப்பானில் இசிஹாரா, நிறப் புள்ளிகளுக்குள் எண்களை ஒளித்து வைத்த படத்தாள்களை வெளியிட்டார். இன்றும் கண் மருத்துவமனைதோறும் அவற்றைக் காணலாம். 1947-இல் அமெரிக்காவில் பிராங்கு வால்ஷ் இத்துறைக்கென்றே ஒரு பெருநூல் எழுதினார். 1959-இல் லெவாட்டின் என்பவர், சாதாரண கைவிளக்கு ஒன்றை இரு கண்களுக்கும் மாறி மாறிக் காட்டினாலே எந்தக் கண்ணின் நரம்பு பழுதுற்றது என்று கண்டுபிடிக்கலாம் என விளக்கினார். நல்ல கண்ணிலிருந்து நோயுற்ற கண்ணுக்கு விளக்கு மாறும்போது, சுருங்க வேண்டிய கண்மணி விரிந்துகொடுக்கும். அவ்வளவுதான் சோதனை. ஐம்பது ரூபாய் விளக்கு போதும்! நம் நாட்டிலும் இதற்கு இடங்கள் பெருகின. இங்கே டில்லியில் எய்ம்ஸ் வளாகத்து இராசேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் 1967-இல் தோன்றியது. மதுரையில் அரவிந்த் 1976-இல். சென்னையில் சங்கர நேத்ராலயா 1978-இல். இன்று எம்.ஆர்.ஐ. உண்டு, விழித்திரையின் நரம்பிழைப் படலத்தை மைக்ரான் கணக்கில் அளக்கும் பொறியும் உண்டு. எல்லாம் உண்டு. ஆயினும் அந்த அறைக்குள் முதலில் நடப்பது கேள்வியும் மறுமொழியுமே.

அக்கேள்விகளின் நுட்பத்தைப் பாருங்கள். “ரெண்டு ரெண்டாத் தெரியுது” என்று ஒருவர் வருகிறார். மருத்துவர் உடனே கேட்பது: “ஒரு கண்ணை மூடினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறதா?” ஆம் என்றால் இரு கண்களும் ஒரே திசையில் நோக்கவில்லை என்று பொருள், விழியை அசைக்கும் தசைகளிலோ அவற்றை ஏவும் மூன்று நரம்புகளிலோ மூளையிலோ காரணத்தைத் தேட வேண்டும். ஒரு கண்ணை மூடிய பின்னும் இரண்டாகவே தெரிகிறது என்றால் பெரும்பாலும் அது அந்தக் கண்ணின் குறை. புரையோ, கண்ணாடியின் கோளாறோ இருக்கும். ஒரே ஒரு கேள்வி! அதன் மறுமொழி தவறினால் ஒருவர் வேண்டாத எம்.ஆர்.ஐ. வரிசையில் நிற்பார், மற்றவர் வேண்டிய எம்.ஆர்.ஐ. இல்லாமல் வீடு திரும்புவார். இரட்டைப் பார்வையோடு இமையும் சரிந்து, அந்தக் கண்ணின் மணியும் விரிந்திருந்தால் நிலைமையே வேறு. மூளையின் இரத்தக் குழாயில் ஒரு புடைப்பு உடையக் காத்திருக்கலாம். அவர் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவர். நீரிழிவால் வரும் நரம்பு வாதமோ பெரும்பாலும் கண்மணியைத் தொடாது. சில மாதங்களில் தானே சரியாகிவிடும்.

இப்போது தமிழுக்கு வருவோம். நம் மக்கள் ‘கண் வலி’ என்றால் என்ன பொருள்? கண் சிவந்து பீளை தள்ளுவது; ‘மெட்ராஸ் ஐ’ என்று ஊரார் சொல்வது. ‘போன மாசம் கண் வலி வந்துச்சு’ என்றால் ஊரே கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்ட மாதம் அது. ஆனால் பார்வை நரம்பின் அழற்சியில் வரும் வலி வேறு. கண் சிவக்காது, நீர் வடியாது. விழியை இப்படியும் அப்படியும் திருப்பும்போது உள்ளே குத்தும். அமெரிக்காவில் இந்நோய் பற்றி 457 பேரை வைத்து நடத்தி 1992-இல் முடிவு வெளியிட்ட ஆராய்ச்சியில் நூற்றுக்குத் தொண்ணூற்றிருவருக்கு வலி இருந்தது. ஆகவே மருத்துவர் வலியைப் பற்றிக் கேட்பார். கேட்டவுடன் நம் அம்மா, “கண் வலியெல்லாம் இல்லீங்க” என்பார். உண்மைதான், அவருக்கு மெட்ராஸ் ஐ வரவில்லை! கூட வந்தவர் ‘வலி இல்லை’ என்று இந்தியில் சொல்லிவிடுவார். சீட்டிலும் வலியில்லை என்று ஏறிவிடும். ‘கண்ணை உருட்டினா உள்ள வலிக்குதா?’ என்று கேட்டிருந்தால் வேறு மறுமொழி வந்திருக்கும்.

அந்த ஆராய்ச்சியில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. சிரையின் வழியே மூன்று நாள் மிகுந்த அளவில் ஸ்டீராய்டு ஏற்றினால் பார்வை விரைவில் திரும்புகிறது. ஆனால் சாதாரண அளவில் மாத்திரையாக மட்டும் கொடுத்தால் நோய் மீண்டும் மீண்டும் வருவது கூடுகிறது என்று அது காட்டிற்று. மருந்துக் கடைக்காரரிடம் ‘கண் மங்குது’ என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கம் நம் விடுதியிலேயே இருக்கிறது. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

அடுத்தது, ‘கண்ணு இருட்டிக்கிட்டு வருது’. இந்த ஒரு தொடரைப் பற்றியே ஓர் ஆய்வேடு எழுதலாம். வெயிலில் நின்று மயங்கும்போதும் இதையே சொல்கிறோம்; பட்டினியிலும் சொல்கிறோம்; படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தாலும் சொல்கிறோம். ஆனால் குனிந்து நிமிரும்போது சில நொடிகள் பார்வை முழுவதும் மறைந்து மீண்டும் வருகிறது, கூடவே நாள்தோறும் தலைவலி, நாடித் துடிப்போடு சேர்ந்து காதுக்குள் ‘உஸ் உஸ்’ என்று ஓசை என்றால், அது மயக்கமன்று. மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பின் தலை வீங்கியிருக்கலாம். உடல் பருத்த இளம் பெண்களிடம் இது மிகுதி. கவனியுங்கள், மாணவ நண்பர்களே: முகப்பருவுக்கு உட்கொள்ளும் மருந்துகளில் சில — டாக்சிசைக்ளின், மினோசைக்ளின், ஐசோட்ரெடினோயின் — அரிதாக இந்த அழுத்தத்தை ஏற்றிவிடுவதுண்டு. முகம் பளபளக்க மாத்திரை போடுகிறோம், தலைவலி வந்தால் தேர்வுக் கவலை என்கிறோம், கண்ணாடியை மாற்றுகிறோம். ‘என்ன மருந்து சாப்பிடுகிறாய்?’ என்று மருத்துவர் கேட்டால் பருவுக்குப் போடுவது மருந்தா என்ன என்று சொல்லாமல் விட்டுவிடுகிறோம்! எம்.ஆர்.ஐ. எடுத்து, மூளையின் சிரைகளில் இரத்தம் உறையவில்லை என்று உறுதி செய்து, முதுகில் ஊசி செலுத்தி நீரின் அழுத்தத்தை அளந்த பிறகே நோய் இதுவென முடிவு செய்வார்கள். எடையைக் குறைப்பதும் அசெட்டசோலமைடு மாத்திரையுமே பெரும்பாலோருக்குப் போதும். பார்வை விரைந்து குறைபவருக்கு மட்டும் அறுவை. கவனியாமல் விட்டால் நரம்பு வாடிப் பார்வை நிலையாகப் போய்விடும்.

‘பொறி எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும், பேச்சு எதற்கு?’ என்று பொறியியல் நண்பர்கள் கேட்பார்கள். பொறி வல்லமை உடையதே. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? சாதாரணமாக எடுக்கும் மூளைப் படத்தில் பார்வை நரம்பின் அழற்சி தப்பிவிடக்கூடும். கண்குழியின் கொழுப்பை மறைத்து, நிறப்பொருள் ஏற்றித் தனியாக எடுக்க வேண்டும். சிரையில் உறைவு என ஐயுற்றால் சிரைக்கெனத் தனிப் படம். அந்த ஐயம் எங்கிருந்து பிறக்கும்? நோயாளியின் வாயிலிருந்தே. வாய் ஊமையாகிவிட்ட இடத்தில் பொறியும் ஊமைதான். அதற்கும் கட்டணச் சீட்டு மட்டும் உண்டு.

பொறிக்குச் சிக்காத நோய் ஒன்றை நான் நேரிலேயே கண்டிருக்கிறேன். இட்லிக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். சேலம் பக்கத்திலிருந்து வந்து இந்நகரில் நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்தியில் விலை பேசுவார், வாடகை பேசுவார், சண்டையும் போடுவார். தம் உடம்பைப் பற்றி மட்டும் பேச வராது. இரண்டு முறை ஒரு பெரிய மருத்துவமனைக்குத் தனியாகப் போய், கண்ணில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். மூன்றாம் முறை நானும் உடன் சென்றேன். வழியில் அவர் சொன்னது: “சாயங்காலம் ஆனா எம் மூஞ்சி எனக்கே தூங்குமூஞ்சியாத் தெரியுது தம்பி. காலையில பாத்தா ராசா கணக்கா முழிச்சுக்கிட்டு இருக்கேன்.” புறநோயாளர் பிரிவு நடப்பதோ காலையில்! இரவெல்லாம் ஓய்ந்து எழுந்த கண்ணைத்தான் மருத்துவர்கள் இரண்டு முறையும் பார்த்தார்கள். அவர்கள் மேல் என்ன பிழை? அவர் மகளின் கைப்பேசியில் மாலையில் எடுத்த படங்கள் இருந்தன, காட்டினோம். இளம் மருத்துவர் ஒருவர் அவரை மேல்நோக்கியே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். ஒரு நிமிடம் கழிவதற்குள் இடக்கண் இமை மெல்லச் சரிந்தது. கையுறைக்குள் பனிக்கட்டி நிரப்பி இரண்டு நிமிடம் இமைமேல் வைத்தார்கள், இமை எழுந்துகொண்டது. மயஸ்தீனியா என்று பெயர் சொன்னார்கள். நரம்பு இடும் ஆணை தசையைச் சரியாக எட்டாத நோய். உழைக்க உழைக்கத் தளரும். குளிர் பட்டால் சற்றே தெளியும். இரத்தச் சோதனையும் மார்புப் படமும் எடுத்தார்கள். பைரிடோஸ்டிக்மின் மாத்திரை தொடங்கிற்று. விழுங்க முடியாமலோ மூச்சுத் திணறியோ போனால் ஒரு நொடியும் தாமதிக்காமல் வரவேண்டும் என்று மருத்துவர் மும்முறை சொன்னார். அதை நான் மும்முறையும் தமிழில் சொன்னேன். பெரியவர் சிரித்துக்கொண்டே, “ஐஸ் வச்சா எந்திரிக்குதுன்னா இத்தன நாளு எவன் கிட்டயாவது ஐஸ் வச்சிருப்பேனே” என்றார். இந்தச் சிலேடையை மட்டும் என்னால் இந்தியில் பெயர்க்க முடியவில்லை.

அவரைக் குணப்படுத்தும் வழியைத் திறந்தது எது? ‘சாயங்காலம்’ என்ற ஒரு சொல். அவ்வளவே.

சரி, இந்நகரில் நம்மவர்க்கு யார் பேசுகிறார்கள்? பெற்ற பிள்ளைகள் பேசுகிறார்கள். பாரபுல்லா வாய்க்கால் ஓரத்தில் இருந்த மதராசி முகாம் 2025 ஜூன் மாதம் இடிக்கப்பட்டதை அறிவீர்கள். அங்கிருந்தவர்களில் பலர் தொலைவில் நரேலாவுக்குச் செல்ல நேர்ந்தது. அத்தகைய குடியிருப்புகளில் தாய்க்குத் தமிழ் வாய். பிள்ளைக்கு இந்தி வாய். பன்னிரண்டு வயதுப் பையன் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அம்மாவுக்கு மொழிபெயர்க்க வருகிறான். நல்ல பிள்ளைதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள்.

பார்வை நரம்புகள் இரண்டும் சந்திக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி இருக்கிறது. அதில் கட்டி வளர்ந்து மேலே அழுத்தினால் இரு கண்களிலும் வெளிப்புறப் பார்வை குறையும். நேரே வைத்த எழுத்து நன்றாகத் தெரியும். ஆனால் கதவு நிலையில் தோள் இடிக்கும், சாலையைக் கடக்கையில் பக்கத்தில் வரும் வண்டி தெரியாது. வீட்டிலோ, ‘பாத்து நடக்கத் தெரியாதா?’ என்ற ஏச்சுத்தான் கிடைக்கும். மருத்துவர் முகத்துக்கு எதிரே அமர்ந்து, விரல்களைப் பக்கவாட்டில் அசைத்தே இக்குறையைக் கண்டுவிடுவார். அடுத்து அவர் கேட்க வேண்டியவை: மாதவிலக்கு நின்றுவிட்டதா? பிள்ளை பெறாத காலத்திலும் மார்பில் பால் சுரக்கிறதா? சுரப்பியின் கட்டிகளில் ஒரு வகை, காபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். மற்றவற்றை மூக்கின் வழியே அறுவை செய்து எடுக்கிறார்கள். எது என்று பிரித்தறிய இக்கேள்விகள் துணை செய்யும். இவற்றைப் பன்னிரண்டு வயது மகன் தன் தாயிடம் கேட்பானா? கேட்டால்தான் அவள் சொல்வாளா? பையன் தலை குனிந்து, தாயைக் கேளாமலே ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறான். அந்த ஒற்றை ‘இல்லை’யின் விலை என்ன? இதே போல, குடிக்கிறாயா, என்ன குடித்தாய் என்று தந்தையை மகள் எப்படிக் கேட்பாள்? 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால், பார்வை நரம்பை எரிக்கும் நஞ்சு. அதற்கு மாற்றுமருந்து உண்டு, இரத்தச் சுத்திகரிப்பு உண்டு. ஆனால் மணிக்கணக்கில் விரைந்தால்தான் பயன். குடித்ததை மறைத்தால் அந்த மணிகள் போய்விடும்.

இன்னொரு சொல், ‘சூடு’. காசநோய்க்கு மருந்து உண்பவர்கள் நம்மிடையே பலர். மாணவர்களும் இருக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 2017-இலிருந்து நாடெங்கும் நாள்தோறும் உண்ணும் முறை வந்தது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் மூன்று. இரு கட்டத்திலும் இடம் பெறுவது எத்தம்பியூட்டால். மிகச் சிலருக்கு, குறிப்பாகச் சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு, இது பார்வை நரம்பைத் தாக்கும். வலி இராது, இரு கண்ணும் ஒருசேர மங்கும், சிவப்பும் பச்சையும் முதலில் வெளுக்கும். நம் மக்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள்? “மாத்திரை சூடு தம்பி, கண்ணு மசமசன்னு இருக்கு.” அவர்களுக்கு இது நோயன்று, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தீரும் உடற்சூடு. கூட வந்தவர் ‘சூடு’ என்பதைக் காய்ச்சல் என்று பெயர்த்துவிட்டால் மருத்துவர் வெப்பமானியைத் தேடுவார்! ‘மாத்திரை தொடங்கிய பின் கண் மங்குகிறது’ என்ற உண்மை அங்கே தொலைந்துபோகும். அதைச் சொன்னால் மருத்துவர் அந்த ஒரு மருந்தை நிறுத்தி மற்றவற்றைத் தொடர்வார். காலத்தில் நிறுத்தியவர்களில் பலருக்குப் பார்வை மெல்லத் திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதில்லை. தாமே எல்லா மருந்தையும் நிறுத்திக்கொள்வது அதனினும் கேடு. காசம் மீண்டும் தலையெடுக்கும்.

நம் மொழியில் பாழ்பட்டுப்போன சொல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: ‘நரம்பு’. பேருந்து நிலையச் சுவர்களில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எழுதி வைத்திருக்கும் இலேகிய வணிகர்கள் இச்சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. ‘உங்களுக்கு நரம்புக் கோளாறு’ என்று மருத்துவர் சொன்னதை நாம் அப்படியே தமிழில் சொன்னால், ஐம்பது வயது ஆண்மகன் முகம் கறுத்து எழுந்துவிடுகிறார். ‘கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற கம்பி’ என்று கையால் காட்டிச் சொல்லிப் பாருங்கள், உட்கார்ந்து கேட்பார். ‘விழிநரம்பியல்’ என்று பெயர் சூட்டத் துடிக்கும் நண்பர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கலைச்சொல் பாடநூலுக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மசமசப்பு, இருட்டடிப்பு, பூச்சி பறத்தல், மின்னல் வெட்டுதல், சொக்குதல், கிறுகிறுப்பு என்று நம் பாட்டிமார் கையிருப்பில் வைத்திருக்கும் சொற்களுக்கு எந்த ஊரில் என்ன பொருள் என்று யார் தொகுத்தார்கள்? தஞ்சைக்காரரின் கிறுகிறுப்பும் நெல்லைக்காரரின் கிறுகிறுப்பும் ஒன்றுதானா? இதுவன்றோ நாம் செய்ய வேண்டிய ஆராய்ச்சி!

இந்தக் கருத்தை நண்பர்களிடம் சொன்னபோது இருவகை மறுப்பு எழுந்தது. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துவதே மன்றத்தின் வேலை, நோயாளிக்குத் துணை போவது தொண்டு நிறுவனங்களின் வேலை என்றார் ஒருவர். பொங்கல் வேண்டாம் என்று நான் சொன்னேனா? பொங்கலன்று நம் அழைப்பை ஏற்று வந்து பெரும்பானையில் பொங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்களே அந்தக் குடியிருப்புத் தாய்மார், அவர்களுக்கு நாம் திருப்பிக் கொடுத்தது என்ன என்றுதான் கேட்கிறேன். இரண்டாமவர், ‘டில்லியில் பிழைக்க வந்தவர்கள் இந்தி கற்றுக்கொள்ள வேண்டியதுதானே’ என்றார். கற்றுக்கொண்டார்கள் ஐயா, கடைத்தெருவுக்கு வேண்டிய அளவு கற்றுக்கொண்டார்கள். உடம்பின் மொழி வேறு. வலியைத் தாய்மொழியில் அல்லாமல் சொல்ல நமக்கே நா எழுவதில்லையே! இதில் வடக்கு, தெற்கு என்ற பேச்சும் வேண்டாம். சென்னை மருத்துவமனையின் தாழ்வாரத்தில் இதே சீட்டோடு நிற்கும் பீகார்த் தொழிலாளியும் ஒடியத் தொழிலாளியும் நம் மருத்துவர்களின் தமிழுக்கு முன்னே இப்படித்தான் விழிக்கிறார்கள். அங்கே நம்மவர் அவர்களுக்குச் செய்ய வேண்டியதை இங்கே நாம் நம்மவர்க்குச் செய்யத் தொடங்கினால் என்ன?

மருத்துவர்களைப் பழிக்கவும் எனக்கு மனமில்லை. ஒரு காலைப் பொழுதில் அவர்கள் முன் வந்து நிற்கும் கூட்டத்தைக் கண்டவர் எவரும் பழிக்க மாட்டார். ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் பாதி, ‘என்ன சொல்கிறாள்?’ என்பதிலேயே கழிகிறது. அந்தப் பாதியை நாம் மீட்டுக் கொடுக்கலாம். கைப்பேசி மொழிபெயர்த்துவிடும் என்பவர்கள், ‘கண்ணு இருட்டுது’ என்பதை அதனிடம் சொல்லிப் பார்க்கட்டும். அது எதைத் தந்தாலும், ‘எப்போது, எத்தனை நொடி, குனியும்போதா?’ என்று எதிர்க்கேள்வி கேட்காது.

ஆகவே மன்றத்தின் முன் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. வாரத்தில் இரண்டு காலைப்பொழுது, முறை வைத்து இருவர் இருவராகச் செல்வோம். ஒருவர் மாணவியாக இருத்தல் கட்டாயம். பெண்கள் சொல்ல வேண்டியதைப் பெண்ணே கேட்கட்டும். வீட்டுப் பிள்ளைகள் அந்நேரம் வெளியே இருக்கட்டும், பள்ளிக்கே போகட்டும். செல்பவர்கள் நோயாளியின் சொல்லை அழகுபடுத்தவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். பொருள் ஐயமானால் அந்தச் சொல்லையே மருத்துவரிடம் சொல்லி, இதற்கு இரண்டு பொருள் உண்டு என்று கூறிவிட வேண்டும். கேட்டதை வெளியே பேசக் கூடாது. விடுதி அறை நண்பரிடமும் கூடாது. மருத்துவம் பயிலும் நண்பர்கள் ஒரு மாலை அமர்ந்து எங்களுக்குக் கேள்விகளைக் கற்றுத் தரட்டும்: ஒரு கண்ணா இரு கண்ணா, திடீரென்றா மெல்லவா, காலையா மாலையா, நிறம் வெளுக்கிறதா, என்னென்ன மாத்திரை. புறப்படும் முன் நோயாளியின் பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளச் சொல்வது நம் பொறுப்பு. கிடைக்கும் சொற்களை ஊர்ப்பெயரோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். நோயாளியின் பெயர் அதில் வேண்டாம்.

குறிப்பேடு வாங்கியாயிற்று. முதல் பக்கத்தில் ‘மசமசப்பு’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. பெயர் கொடுக்க விரும்புவோர் வெள்ளிக்கிழமை மாலைக்குள் செயலாளரிடம் கொடுக்கலாம். புறநோயாளர் வரிசை விடியுமுன்பே தொடங்கிவிடுவதால், காலையில் எழ முடியாதவர்கள் குறிப்பேட்டுப் பணிக்கு வரலாம்.